எலுமிச்சம்பழ வரியை எடுத்தவர்

ஜாபர் பாய் இறந்த செய்தி எனக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஒன்பதே முக்கால் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கட்டடத்தின் கீழே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "நம்முடன் பணியாற்றிய ஜாபர் இன்று காலை மாரடைப்பால் காலமானார்" என்று மனிதவளத் துறையிலிருந்து போட்டிருந்தார்கள். அதன்கீழே கும்பிட்ட கைகள் வரிசைகட்டி நின்றன. அந்தக் கைகளுக்கு நடுவிலேயே மென்பொருள் வேலை பற்றி ஒரு செய்தி: "பில்டு உடைஞ்சிருக்கு, யார் பாக்கறீங்க?" அதற்கும் ஒருவர் கும்பிட்ட கையையே போட்டிருந்தார். எதற்கு எதைப் போடுகிறோம் என்று பார்க்கக்கூட அந்த ஆளுக்கு நேரமில்லை.

பிறகுதான் விவரம் தெரிந்தது. கரையான்சாவடி வீட்டிலிருந்து வழக்கம்போல் பைக்கில் கிளம்பியிருக்கிறார். வானகரம் சிக்னல் அருகே நெஞ்சு வலித்திருக்கிறது. அந்த வலியிலும் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்த ஒரு டீக்கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. என் வயதுதான்.

மறுநாள் மனிதவளத் துறைப் பெண் என்னிடம் வந்தார். "நீங்கதான் அவரோட ரொம்ப நாள் வேலை பார்த்தவர். நம்ம மாத மடலுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றார். எழுத உட்கார்ந்தேன். பாசிட்டிவாக வரவில்லை. வந்தது இதுதான். இது மடலில் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜாபர் பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் டிப்ளமோ படித்தவர். நானும் அவரும் ஒரே வாரத்தில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தோம். நான் விருதுநகர்க்காரன், காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு ஒண்டியவன். அவர் பிறந்தது, வளர்ந்தது, நிக்காஹ் முடித்தது எல்லாம் பூந்தமல்லியைச் சுற்றித்தான். முதல் நாளே, "இன்னா மூர்த்தி, சாப்பாடு கொண்டாந்தியா, இல்ல கேண்டீன்ல விஷம் துன்னப் போறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மூர்த்தி. நான் குழுத்தலைவர் ஆன பிறகும் அது மாறவில்லை. எப்போது மாறியது என்று பின்னால் சொல்கிறேன்.

சுலபமான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரர். தன் கீபோர்டை யாரும் தொடக்கூடாது. கூட்டங்களில் யாராவது கதை விட்டால் மூஞ்சிக்கு நேராகச் சிரித்துவிடுவார். ஆங்கிலம் வாசிப்பார், பேச்சு மட்டும் முட்டும். வாடிக்கையாளருடன் தொலைபேசிக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால், "வேறு யாராவது சொல்ல முடியுமா?" என்பார்கள் அந்தப் பக்கத்தில். ஆகவே அவர் கண்டுபிடித்ததையெல்லாம் நான் எடுத்துச் சொல்வேன், "வெல் டன் மூர்த்தி" என்பார்கள். பாய் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் செய்வது லோட் பேலன்சர் மென்பொருள். லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, எல்லாரும் ஒரே சர்வரில் போய் விழுந்து அமுக்காமல் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புகிற வேலை. அந்த மென்பொருளுக்குள்ளே த்ரெட் எனப்படும் பல வேலையாட்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாக, சர்வர்களின் பெயர்கள் எழுதிய ஒரே பதிவேடு. ஒரு த்ரெட் அதில் ஒரு பெயரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் அந்தப் பெயரை அழித்துவிட்டால், மொத்த மென்பொருளும் அந்த இடத்திலேயே செத்து விழும். இதில் கொடுமை என்னவென்றால், கூட்டம் குறைவாக இருக்கும்போது இது நடக்கவே நடக்காது. ஆயிரம் தடவை சோதித்தாலும் சமர்த்தாக ஓடும். கூட்டம் நெரியும்போது மட்டும், எந்த நிமிடம் என்று சொல்ல முடியாமல், விழும்.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு அப்படி ஒரு வியாதி வந்தது. எங்கே விழுகிறது என்று பார்க்க நான் ஒரு லாக் வரி சேர்த்தேன். லாக் என்றால், "இந்த இடத்துக்கு வந்துவிட்டேன்" என்று மென்பொருளையே குறிப்பு எழுத வைப்பது. அந்த வரியைச் சேர்த்ததும் கிராஷ் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், விழவே இல்லை. "மூடிட்டோமா?" என்று மேலாளர் கேட்டார். "மூடிட்டோம்" என்றேன். கேக் வெட்டினோம். அந்த வரிக்கு மேலே, 'இதை யாரும் தொடக்கூடாது' என்று நானே குறிப்பு எழுதினேன். லாரி முன்னால் கட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி அது ஆகிவிட்டது. பேரே எலுமிச்சம்பழ வரி. ஆயுத பூஜையன்று எவனோ குறும்புக்கு என் மானிட்டரில் நிஜமாகவே ஓர் எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் தடவி ஒட்டி வைத்திருந்தான்.

பாய் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "எலுமிச்சம்பழம் கட்னா லாரி நிக்கும்னா, அப்பால பிரேக்கு எதுக்கு மூர்த்தி?" என்றார்.

"ஓடுது இல்ல பாய்? விடுங்க."

"குறிப்பு எழுதறதுக்கு அதுக்கு ஒரு கண்ணிமைக்கிற நேரம் ஆவுது. அந்த நேரத்துல ஒரு த்ரெட்டு நின்னுடுது, இன்னொன்னு தாண்டிப் போயிடுது. அதான் மோதல. நீ ஓட்டைய அடைக்கல. ஓட்டைக்கு முன்னால ஆள கொஞ்சம் மெதுவா நடக்க வெச்சிகினு கீற. அவ்ளோதான்."

அதன் பிறகு பல வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தார். பாய்க்கு ஒரு முறை உண்டு. இரண்டு த்ரெட்கள் செய்யும் வேலையைத் தனித்தனித் துண்டுக் காகிதங்களில் வரிசையாக எழுதிக்கொள்வார். ஓர் ஆளைப் பிடித்து எதிரே உட்காரவைப்பார். "நீ ஒன்னாவது த்ரெட்டு, நான் ரெண்டாவது. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். மூள உன்னுதா இருக்கக்கூடாது" என்பார். கணினியில் ஒரு கண்ணிமைப்பில் முடிவதை இரண்டு மனிதர்கள் அரைமணி நேரம் நடித்துப் பார்ப்பார்கள். வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவர் அப்படித்தான் எத்தனையோ பிழைகளைப் பிடித்திருக்கிறார்.

அன்றைக்கு எஸ்டேட் டீக்கடை பெஞ்சில் நான்தான் ஒன்றாவது த்ரெட். நடுவில் பதிவேடு என்று ஒரு காகிதம். நான் என் துண்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். "பதிவேட்டில் தேடு. இருக்கிறதா? இருக்கிறது."

"நிறுத்து" என்றார். நிறுத்தினேன். அவர் தன் துண்டுகளைப் படித்தார். கடைசித் துண்டில் 'அழி' என்று இருந்தது. நடுவில் இருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து டீக்கடைக் குப்பைக் கூடையில் போட்டார். "இப்ப நீ மேல படி."

"கிடைத்த பெயரை எடுத்துப் பயன்படுத்து" என்று படித்தேன். என் கை தானாக நடுவே போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"செத்த" என்றார் பாய். டீக்கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். பாய் முகத்தில் அன்றைக்கு இருந்த பிரகாசத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

தீர்வு தெளிவாக இருந்தது. ஒரு த்ரெட் கையில் எடுத்திருக்கும் பெயரை, அது கீழே வைக்கும்வரை வேறு எதுவும் அழிக்க முடியாதபடி ஒரு பூட்டு. அதை எழுதி முடித்தார். பூட்டு வந்துவிட்டால் எலுமிச்சம்பழ வரி தேவையில்லை, கூட்ட நேரத்தில் அது வேகத்தையும் கெடுக்கிறது. ஆகவே இரண்டு மாற்றங்களைக் கொடுத்தார். ஒன்று, பூட்டு போடுவது. இரண்டு, அந்த லாக் வரியை எடுப்பது. மேலே குறிப்பு: 'இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ஒன்று மட்டும் கூடாது.'

அப்போது தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரம். முடிவுகளை வெளியிடும் ஓர் இணையதளம் எங்கள் மென்பொருளில்தான் ஓடியது. மேலாளர் இரண்டு மாற்றங்களையும் பார்த்தார். பூட்டு பல இடங்களைத் தொட்டது. "ரிசல்ட் வாரத்துல இவ்வளவு தொடறதா? நோ. அந்த ஒரு வரி எடுக்கறது மட்டும் போடுங்க. வேகம் கூடுது பாருங்க, க்ளையன்ட்கிட்ட காட்டலாம்" என்றார்.

"ரெண்டும் சேர்ந்துதான் போகணும்னு பாய் எழுதியிருக்கார் சார்" என்றேன். ஒரே ஒரு முறை சொன்னேன்.

"டெஸ்ட்ல ஓடுதா?"

ஓடியது. எங்கள் டெஸ்டில் இருந்த கூட்டத்துக்கு எதுதான் ஓடாது? "ஓடுது சார்" என்றேன். பாய் அன்று ஆம்பூரில் உறவினர் நிக்காஹுக்குப் போயிருந்தார். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் கத்துவார் என்று தெரியும், அதனால்தான் போடவில்லை. இரண்டையும் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பியது இந்தக் கை.

முடிவுகள் வந்த நாள் காலை பத்து மணிக்குத் தளம் விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. பிள்ளைகள் மதிப்பெண் பார்க்க முடியாமல் அழுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஓடினார்கள். பாய் ஓடவில்லை. என் இடத்துக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"ஒன்னுதான் போயிருக்கு. பூட்டு எங்க மூர்த்தி?"

"அப்புறம் சொல்றேன் பாய். இப்ப எப்படியாவது விழாம நிறுத்துங்க."

பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், பாவி மனுஷன். உட்கார்ந்து பூட்டை ஏற்றினார். பன்னிரண்டு மணிக்குள் தளம் விழாமல் நின்றது. அதன்பிறகு இன்றுவரை அந்த இடத்தில் ஒரு முறைகூட விழவில்லை.

கூட்டம் ஓய்ந்ததும் வாடிக்கையாளர் காரண அறிக்கை கேட்டார். "பொதுவா எழுதினா ஒத்துக்க மாட்டாங்க மூர்த்தி. என்ன மாத்தினோம், யார் மாத்தினாங்க, தெளிவா இருக்கணும்" என்றார் மேலாளர். அனுப்பியது நான் என்றாலும் மாற்றத்தை எழுதியது பாய் என்பதால், கணினிப் பதிவில் அந்த வரியை எடுத்தவர் பெயர் ஜாபர் என்றுதான் இருக்கும். நான் எழுதினேன்: 'விளைவுகளை முழுமையாக ஆராயாமல் ஜாபர் ஒரு லாக் வரியை நீக்கியதே செயலிழப்புக்குக் காரணம்.' எழுதி அனுப்பிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து பாய் அந்த அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எடுத்தது நான்தான். அதுல பொய் இல்ல. ஆனா ரெண்டா குடுத்தேனே, அத்த ஏன் எழுதல?"

"அதை எழுதினா யார் பிரிச்சாங்கன்னு கேப்பாங்க பாய்."

"கேக்கட்டுமே. யாரு பிரிச்சது?"

நான் திரையில் வந்திருந்த ஏதோ மின்னஞ்சலைத் திறந்தேன்.

"சரி. உன் பேரு வோணாம். அந்த மேனேஜரு பேரும் வோணாம். 'ரெண்டா குடுத்தாரு, ஒன்னுதான் போச்சு'ன்னு ஒரே ஒரு வரி சேரு. வேற ஒன்னும் கேக்கல."

"பாக்கறேன் பாய்" என்றேன்.

நம் அலுவலகங்களில் 'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று படிக்கிற உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அவரை எங்கள் குழுவிலிருந்து எடுத்து இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். பிரிண்டரும் லேப்டாப்பும் பழுது பார்க்கிற வேலை. எந்த மனிதரின் பூட்டில் அந்தத் தளம் இன்றும் நிற்கிறதோ, அவர் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். அப்போதும் எங்கள் ஆட்களுக்கு ஏதாவது கிராஷ் வந்தால் திருட்டுத்தனமாக மாடிக்குப் போய் அவரிடம்தான் கேட்பார்கள். மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாமல் துண்டுக் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார். நான் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது?

ஒரு நாள் லிஃப்டில் எதிர்ப்பட்டார். "சார், அந்த வரி இன்னாச்சு?" என்றார். சார்! பத்து வருடம் மூர்த்தியாக இருந்தவன் அன்றைக்கு சார் ஆனேன். அதற்குப் பிறகு கடைசிவரை சார்தான்.

எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். "விடுங்களேன் பாய், எல்லாரும் மறந்துட்டாங்க" என்றேன்.

"நான் மறக்கலியே சார். நாளிக்கு வேற எடத்துல போயி நின்னா இத்ததானே கேப்பான்?"

கேட்டார்கள். வேறொரு நிறுவனத்திலிருந்து எனக்கே போன் வந்தது, ஜாபர் எப்படி என்று. "டெக்னிக்கலா கெட்டிக்காரர், ஆனா..." என்று இழுத்தேன். ஏன் இழுத்தேன்? நல்லவர் என்று ஒரேயடியாகச் சொன்னால், பிறகு அந்த அறிக்கை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பார்களே என்ற பயம்தான். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் போன் எனக்கு வந்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அறிக்கைக்கும் அவர் சாவுக்கும் இடையில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவர் இறந்த அன்றே லுஹர் எனும் மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கரையான்சாவடி கடைவீதியைத் தாண்டிய அந்தத் தெருவில் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். எங்கள் மேலாளர் நிறுவனத்தின் பெயர் எழுதிய பெரிய மலர்வளையத்தோடு காரில் வந்து இறங்கினார். முஸ்லிம் அடக்கத்தில் இதெல்லாம் வைப்பதில்லை என்று யாரோ பணிவாகச் சொன்னார்கள். மனுஷர் அதை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்துவிட்டு, டிரைவரிடம் கொடுத்து டிக்கியில் வைக்கச் சொன்னார். பத்து வருடம் கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றி நாங்கள் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான். கபர்ஸ்தானில் எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

திரும்பும்போது ஒருவர் என் தோளைத் தொட்டார். பாயின் அண்ணன் சலீம். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர்.

"நீங்கதானே மூர்த்தி சாரு?" என்றார். ஆமாம் என்றதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மண் இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பான். ஆபீஸ்ல ஏதோ ரிப்போர்ட்டு, அதுல அவன் பேரு கெட்டுப்போச்சின்னு ஊட்ல யாருக்கும் சோறு எறங்கல. அவன் பொஞ்சாதி அழுதுகினே கெடக்கும். அப்பால ஒரு நாள் வந்து சொன்னான், 'மூர்த்தி மேலெடத்துல சண்ட போட்டு அத்த மாத்திட்டான், என் பேரு சுத்தமாயிடுச்சி'ன்னு. அன்னிக்குத்தான் அந்த ஊட்ல அடுப்பு ஒழுங்கா எரிஞ்சிது. அல்லா உங்கள நல்லா வெக்கணும்."

தலையாட்டினேன்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த மண்ணில் நின்றுகொண்டு, தலையாட்டினேன். "ரொம்ப நல்லவருங்க" என்று வேறு சொன்னேன். அவர் கொடுத்த டீயையும் குடித்தேன். காட்டுப்பாக்கம் வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி, "என்னாச்சுங்க?" என்று கேட்டபோதுதான் வந்தது.

பாய் அந்தப் பொய்யை யாருக்காகச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். மனைவி சாப்பிட வேண்டும் என்பதற்காக. அது புரிகிறது. ஆனால் வேறு யார் பெயரையாவது சொல்லியிருக்கலாமே? என்னை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டே, வீட்டில் என்னை மூர்த்தியாகவே வைத்திருந்திருக்கிறார். இதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் அலுவலகம் போனதும் அறிக்கையைத் திருத்தத் திறந்தேன். முடிக்கப்பட்ட ஆவணம், திருத்த இயலாது என்று வந்தது. மேலாளரிடம் போனேன். "ஆளே போயிட்டார் மூர்த்தி. இப்ப எதுக்கு?" என்றார். மிகவும் வருத்தமான குரலில்தான் சொன்னார். மாத மடலுக்கு நல்லதாக ஒரு புகைப்படம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

சலீம் பாய், இதை அச்செடுத்து நானே உங்கள் கடைக்குக் கொண்டுவந்து தருகிறேன். படித்தால் உங்கள் தம்பி வீட்டில் சொன்னது நடக்கவே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன ஒரே நிம்மதியையும் நான்தான் பிடுங்குகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பெயர் அந்தக் காகிதத்தில் அப்படியே கிடக்கும். சொன்னால் உங்கள் வீட்டில் மறுபடியும் சோறு இறங்காது. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான் என்கிற இடத்தில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். உங்கள் தம்பி யாரையும் அப்படி நிறுத்தியதில்லை. நீங்கள் பிடித்தது சுத்தமான கை இல்லை. அடுத்த முறை பிடிக்காதீர்கள்.

ஜாபர் பாய், நீங்கள் என் பெயர் வேண்டாம் என்றீர்கள். நான் போடுகிறேன். நீங்கள் கேட்ட வரி இது:

'ஜாபர் இரண்டு மாற்றங்களைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்றை மட்டும் அனுப்பக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். தெரிந்தே அவற்றைப் பிரித்து அனுப்பியவன் மூர்த்தி.'

எழுதி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, பாய். போய் வாருங்கள்.